அத்தியாயம் 6: மாநாட்டுத் தேதியும் டிக்கெட் தேதியும்

வெளிநாட்டு மாநாட்டில் ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டதும் பெரும்பாலான ஆய்வு மாணவர்கள் ஒரே மாதிரிதான் தேதி குறிக்கிறார்கள். மாநாடு தொடங்குவதற்கு முந்தின நாள் போய்ச் சேர வேண்டும், முடிந்த மறுநாள் கிளம்பிவிட வேண்டும். அங்கே வரும் மற்றவர்களும் அதே இரண்டு நாள்களைத்தான் குறிக்கிறார்கள். அதனால் அந்தத் தேதிகளில் மலிவான இருக்கைகள் முதலில் தீர்ந்துவிடுகின்றன. இரண்டு நாள் முன்னால் போய், மூன்று நாள் பின்னால் திரும்பினால் கட்டணம் இறங்குவதும், மிஞ்சிய பணத்தில் பக்கத்து ஊர் ஒன்றைப் பார்த்துவிட முடிவதும் அடிக்கடி நடப்பதுதான்.

பலர் கோட்டை விடுவது வரிசையில். டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் முடிந்தபிறகு, "இவ்வளவு தூரம் போகிறோம், புடாபெஸ்டையும் பார்த்துவிடலாமே" என்று தோன்றும். அப்போது விசாவில் நாள் போதாது. விடுப்புக் கடிதத்தில் அந்தத் தேதி இருக்காது. டிக்கெட்டை மாற்றப் போனால் அபராதமும் கட்டண வித்தியாசமும் சேர்ந்து புது டிக்கெட் விலைக்கு வந்து நிற்கும். ஊர் சுற்றும் நாள்களை முதல் நாளே திட்டத்தில் எழுதிவிட வேண்டும். இந்த அத்தியாயத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயன் இல்லை என்பதால் ஒரே மாநாட்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய புவியறிவியல் ஒன்றியத்தின் பொதுப் பேரவை ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் நடக்கிறது. ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ, திங்கள் முதல் வெள்ளி வரை. 2024-ல் நேரில் வந்தவர்கள் மட்டும் 18,000-க்கு மேல். புவியியல், வானிலை, நீரியல், கடலியல் படிக்கும் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் போகும் இடம் இது. ஆய்வுச் சுருக்கத்துக்கான கடைசித் தேதி வழக்கமாக ஜனவரி முதல் பாதியில் வரும். பண உதவி கேட்பவர்கள் அதற்கும் ஒரு மாதத்துக்கு மேல் முந்திக்கொள்ள வேண்டும். ஆக, ஏப்ரல் பயணத்துக்கு நவம்பரிலேயே வேலை தொடங்குகிறது. உங்கள் மாநாடு வேறு ஊரில் இருந்தாலும் இங்கே சொல்லும் கணக்கு பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் விசா, பிறகுதான் வழி

வியன்னாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் 2007 டிசம்பரிலிருந்தும், குரோவேஷியா 2023 ஜனவரியிலிருந்தும் ஷெங்கனுக்குள் இருப்பவை. ஆஸ்திரியா தந்த விசாவோடு இந்த நாடுகளுக்கெல்லாம் போய்வரலாம். ஆனால் எந்த நாட்டிடம் மனுச் செய்வது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆறு இரவு வியன்னா, மூன்று இரவு ஹங்கேரியின் புடாபெஸ்ட் என்றால் சிக்கல் இல்லை. ஆறு இரவு வியன்னாவுக்குப் பிறகு எட்டு இரவு ஹங்கேரியில் என்று எழுதினால் ஆஸ்திரியத் தூதரகம் உங்கள் மனுவை ஏற்க வேண்டியதில்லை. ஆகவே சுற்றுலா நாள்களை ஒரே நாட்டில் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாநாட்டு நாடே கணக்கில் முன்னால் நிற்கட்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து மனுச் செய்யலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை வேண்டுமென்றால் 45 நாள் வரை. கோடை விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்களும் இதே மாதங்களில் வரிசையில் நிற்பதால், மனுக் கொடுக்க நேரம் கிடைப்பதே சென்னையில் பெரும்பாடு. சுருக்கம் ஏற்கப்படட்டும் என்று காத்திருக்கும் வாரங்களில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும்.

தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாநாட்டு அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகத்தின் தடையில்லாச் சான்று, காப்பீடு, தங்குமிடப் பதிவு, விமான முன்பதிவு ஆகிய ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரி, சான்றில் 2-ஆம் தேதி திரும்புவதாகவும் டிக்கெட்டில் 6-ஆம் தேதி திரும்புவதாகவும் இருந்தால் அந்த நான்கு நாளுக்கு என்ன பதில் என்றுதான் கேட்பார். தடையில்லாச் சான்றிலேயே "மாநாட்டுக்காக இந்த நாள்கள், சொந்த விடுப்பாக இந்த நாள்கள்" என்று பிரித்து எழுதி வாங்குங்கள். மறைக்க இதில் ஒன்றும் இல்லை. மாநாட்டுக்குப் போகிறவர் பக்கத்து நகரத்தைப் பார்த்துவிட்டு வருவது எந்தத் தூதரகத்துக்கும் புதிதல்ல. மறைத்து எழுதினால்தான் சந்தேகம் வரும்.

ஒரே நுழைவு விசா கிடைத்தால் ஷெங்கனை விட்டு வெளியே கால் வைத்த நொடியில் அது முடிந்துவிடும். புடாபெஸ்ட்டிலிருந்து செர்பியத் தலைநகர் பெல்கிரேடு பக்கம்தான். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருக்கும் இந்தியரைச் செர்பியா தனி விசா இல்லாமலே உள்ளே விடுகிறது. ஆனால் அங்கிருந்து வியன்னாவுக்குத் திரும்பி விமானம் ஏற முடியாது. அப்படி ஓர் ஆசை இருந்தால் பலமுறை நுழைவு கேட்டு, காரணத்தையும் பயண நிரலையும் மனுவோடு எழுதிக் கொடுங்கள்.

விசா ஒட்டப்பட்ட பக்கத்தில் இரண்டு வெவ்வேறு எண்ணிக்கைகள் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. தேதி இடைவெளியில் 15 நாள் கூடுதலாகத் தந்திருப்பார்கள். அது பயணம் தள்ளிப்போனால் சமாளிக்கத் தரப்படும் இடம். தங்கும் நாள் 12 என்றிருந்தால் 12 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி.

டிக்கெட் வாங்கும் நேரம்

விசாவுக்கு விமான முன்பதிவு கேட்கிறார்கள். முழுப் பணம் கட்டிய டிக்கெட் கட்டாயமில்லை. ஆனால் விசா வரும்வரை காத்திருந்தால் விலை ஏறிவிடும் என்ற பயம் நியாயமானது. இரண்டுக்கும் நடுவே உள்ள வழி, ரத்துசெய்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட். மிக மலிவான வகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சில ஆயிரம் என்றால் தயங்காமல் இதை வாங்குங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், விமான நிறுவனமோ முகவரோ சில நாள் பிடித்துவைத்துத் தரும் முன்பதிவைக் காட்டி விசாவை வாங்கிவிட்டு, வந்த அன்றே டிக்கெட் எடுங்கள். சில முகவர்கள் பொய்யான பயண நிரலை அச்சடித்துத் தருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். சரிபார்க்கும்போது அகப்பட்டால் இந்த மாநாடு மட்டும் போகாது, அடுத்த மனுக்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

சென்னையிலிருந்து வியன்னாவுக்கு நேர் விமானத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். தோஹா, துபாய் வழியாக ஒருமுறை மாறிப் போவது நம் ஊருக்கு வசதியான பாதை. பிராங்க்பர்ட் வழியும் உண்டு. பிராங்க்பர்ட்டில் மாறினால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், வியன்னாவில் உள்நாட்டுப் பயணி போல வெளியே வந்துவிடலாம். அதனாலேயே அங்கே இணைப்பு விமானத்துக்கு நேரம் அதிகம் வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதல்முறை போகிறவருக்கு வரிசை நகர நேரமாகும். ஒன்றேகால் மணி நேர இணைப்பு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்த்து, இரண்டரை மூன்று மணி நேரம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

லண்டன் வழி டிக்கெட் சில நாள் கண்ணைக் கவரும் விலையில் வரும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் லண்டனில் விமானம் மாறுவதற்கே தனி டிரான்சிட் விசா வாங்க வேண்டும். குறுகிய கால ஷெங்கன் விசா அதற்கு விலக்குத் தராது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா ஏதாவது செல்லுபடியாக இருந்தால் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இது தெரியாமல் டிக்கெட் எடுத்தால் சென்னை விமான நிலையக் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

தேடுவதற்கு கூகுள் பிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தளங்கள் போதும். முதலில் "நாள்காட்டி" பார்வையைத் திறந்து, மாநாட்டு வாரத்துக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு விலை மாறினால் மின்னஞ்சல் வரும்படி அமையுங்கள். செவ்வாய் இரவில் வாங்கினால் மலிவு, ரகசிய ஜன்னலில் தேடினால் மலிவு என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கண்விழிக்க வேண்டாம். விலையைத் தீர்மானிப்பது எந்தக் கட்டண வகுப்பில் எத்தனை இருக்கை மிச்சம் என்பதும், அந்த வகுப்போடு வரும் விதிகளும்தான். "சனி இரவு அங்கே தங்கியிருக்க வேண்டும்" அல்லது "குறைந்தது இத்தனை நாள் கழித்தே திரும்ப வேண்டும்" என்ற பழைய விதி இன்றும் பல மலிவுக் கட்டணங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசர வியாபாரப் பயணிகளிடம் அதிகம் வாங்கவும் நிதானமாகப் போகிறவர்களைக் கூட்டிச் சேர்க்கவும் ஏற்பட்ட விதி அது. மாநாட்டுக்குப் பின் இரண்டு நாள் தங்குகிறவர் தானாகவே இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்.

தேடுவது எங்கே ஆனாலும் வாங்குவது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கட்டும். நேர மாற்றம், ரத்து வந்தால் முகவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நீங்கள் பந்தாட்டப்பட மாட்டீர்கள். மாணவர் சலுகை தரும் நிறுவனங்கள் உண்டு. கத்தார் ஏர்வேஸ் மாணவர்களுக்கென்றே உறுப்பினர் திட்டம் நடத்துகிறது. கட்டணத்தில் குறைவது சிறிதென்றாலும் கூடுதல் எடைக்கு அனுமதி கிடைப்பது பயன்.

போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறொன்று

பலருக்குத் தெரியாத, ஆனால் மிகப் பயனுள்ள வழி இது. போக வர டிக்கெட் என்றால் இறங்கிய ஊரிலிருந்தே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. தேடும் பக்கத்தில் "மல்டி சிட்டி" என்ற பிரிவில் சென்னை–வியன்னா, புடாபெஸ்ட்–சென்னை என்று போடுங்கள். கத்தார் ஏர்வேஸும் எமிரேட்ஸும் வியன்னா, புடாபெஸ்ட், பிராக் மூன்று நகரங்களுக்கும் பறக்கின்றன, சென்னைக்கும் வருகின்றன. இப்படி எடுக்கும் டிக்கெட்டில் ஒவ்வொரு பாதிக்கும் போக வரக் கட்டணத்தின் பாதியை ஒட்டித்தான் விலை போடுவார்கள்; இரண்டு ஒருவழி டிக்கெட் வாங்கும் விலை ஆகாது. புடாபெஸ்ட்டுக்குப் போய்விட்டு விமானம் பிடிக்க மறுபடி வியன்னாவுக்கு வரும் ரயில் செலவும் அரை நாளும் மிச்சம்.

எல்லாப் பறப்பும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், ஒரே டிக்கெட்டில் இருப்பவரை அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட்டை நீங்களாகச் சேர்த்துக்கொண்டால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டிவந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். டெல்லி வரை ஒரு டிக்கெட், டெல்லியிலிருந்து வேறொன்று என்று எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பெங்களூரிலிருந்து மலிவு என்று தோன்றினால், கெம்பெகவுடா விமான நிலையம் நகரத்தின் வடகோடியில் தேவனஹள்ளி பக்கம் இருக்கிறது என்பதையும், இரவுப் பேருந்து, டாக்சி, போக்குவரத்து நெரிசல் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். நாலாயிரம் ரூபாய்க்காக இந்தப் பாடு தேவையில்லை; இருபதாயிரம் மிஞ்சுமென்றால் யோசிக்கலாம்.

வளைகுடா விமானங்கள் பலவும் சென்னையிலிருந்து அதிகாலை இருட்டில் கிளம்புபவை. டிக்கெட்டில் 25-ஆம் தேதி 03.50 என்றிருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 24-ஆம் தேதி இரவு. திருச்சி, மதுரையிலிருந்து வருகிறவர்கள் 24 காலையே கிளம்பி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இருட்டுவதற்குள் மீனம்பாக்கம் போய்ச் சேர்வதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி. சான்றிதழில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, மாநாட்டுப் பதிவில் வெறும் பெயர் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். டிக்கெட்டிலும் அழைப்புக் கடிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் வேறு வடிவில் இருந்தாலும் அழைப்புக் கடிதத்துக்குப் பாஸ்போர்ட் வடிவத்தையே கொடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்ப் பகுதி காலியாக இருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனம் அதை எப்படி நிரப்பச் சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்படிப்பட்டவர்கள் திரும்பும் வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றலாம் என்று நினைத்தால் பாஸ்போர்ட்டில் பெயரைத் திருத்தி வாங்கிய பிறகு நினைப்பதே நல்லது.

யாருடைய பணம்

முன்னர் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் தந்துவந்த பயண உதவி இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அமைப்பின் கையில் இருக்கிறது. அதுவோ பல்கலைக்கழக நிதியோ, எதுவானாலும் பணம் பெரும்பாலும் திரும்பி வந்தபிறகுதான் கைக்கு வரும். முதலில் உங்கள் கைப்பணம் போக வேண்டும். அரசுப் பணத்தில் பறக்கும் மத்திய அரசு ஊழியர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி என்ற மூன்று முகவர்கள் வழியேதான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது நிதியமைச்சகத்தின் விதி. உங்கள் உதவித்தொகைக்கும் அது பொருந்துமா என்று டிக்கெட் வாங்கும் முன் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊர் சுற்றுவதையும் கணக்கில் நேர்மையாகக் காட்ட வழி இருக்கிறது. நீங்கள் டிக்கெட் வாங்கும் அதே நேரத்தில், மாநாட்டுத் தேதிகளை ஒட்டி நேராகப் போய்வர என்ன விலை என்று தேடி, அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். உங்கள் டிக்கெட் அதைவிடக் குறைவென்றால் உங்கள் டிக்கெட்டின் விலையை மட்டும் கேளுங்கள். அதிகமென்றால் நேர்வழி விலையை மட்டும் கேட்டு, மீதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். தினப்படி மாநாட்டு நாள்களுக்கு மட்டும். புடாபெஸ்ட் ரயிலும் அங்கத்தைய அறையும் முழுக்க உங்கள் செலவு. தணிக்கையில் யார் கேட்டாலும் இந்தக் கணக்கு நிற்கும். போர்டிங் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தாலும் ஏறுமுன் படமெடுத்துக்கொள்ளுங்கள். பில் பாஸ் ஆக அதைக் கேட்காத அலுவலகம் இல்லை.

வெளிநாட்டில் அட்டை தேய்க்கும்போது "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா" என்று இயந்திரம் கேட்கும். யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு மாற்றுவிகிதம் போடும்.

வியன்னாவில் எங்கே தங்குவது

மாநாடு நடக்கும் ஆஸ்திரியா சென்டர், யு1 மெட்ரோ தடத்தில் கைசர்ம்யூலன் நிலையத்தின் அருகில் இருக்கிறது. அதே யு1 தடம் நகர மையத்தையும் தலைமை ரயில் நிலையத்தையும் தொட்டுச் செல்கிறது. பக்கத்திலேயே அறை தேடி விலை கொடுப்பதைவிட யு1 தடத்தில் எங்கே மலிவோ அங்கே தங்குங்கள். ஏற்பு மின்னஞ்சல் வருவதற்கு முன்பே, இலவசமாக ரத்துசெய்யும் வசதியோடு பதிவுசெய்து வையுங்கள்; பதினெட்டாயிரம் பேர் இறங்கும் வாரம் அது. சமையலறை உள்ள ஹாஸ்டல் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் அறை மலிவு, அங்கிருந்து தினமும் வந்துபோகலாம் என்று சிலர் சொல்வார்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று ஐந்து நாள் அலைந்தால், காலை எட்டரை அமர்வையும் மாலைச் சந்திப்புகளையும் இழப்பீர்கள். மாநாட்டுக்குப் போவதே அந்தச் சந்திப்புகளுக்காகத்தான்.

விமான நிலையத்தில் "சிட்டி ஏர்போர்ட் டிரெய்ன்" விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும்; 16 நிமிடத்தில் நகருக்குள் விடும், விலை அதிகம். ஆஸ்திரிய ரயில்வேயான ஓ.பி.பி.யின் சாதாரண ரயில் கால் மணி நேரத்தில் தலைமை நிலையத்துக்குப் போகிறது, விலை அதில் ஒரு சிறு பங்கு. அங்கிருந்து யு1.

ஆஸ்திரியாவில் ஞாயிறன்று பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை இறங்குகிறவர் அன்று மாலையே ரொட்டியும் பழமும் வாங்கிவைத்துவிட வேண்டும். குடிநீர் வாங்கவே வேண்டாம். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873-லும் 1910-லும் போட்ட நீண்ட குழாய்த் தடங்கள் வழியே வரும் நீர்தான் வியன்னாக் குழாய்களில் வருகிறது. ஒரு பாட்டில் மட்டும் கையில் வைத்திருங்கள். ஊரிலிருந்து புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி கொண்டுபோகலாம். இறைச்சியும் பால்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் எடுத்துவரக் கூடாதவை. நெறியாளரின் நண்பருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்ற எண்ணத்தை விட்டுவிட்டுக் கடலை மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் பார்க்க வேண்டியவை

கட்டுரை வாசிக்கும்முன் ஊர் சுற்றாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சனிக்கிழமையே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானாலும் பெட்டி வராமல் போனாலும் திங்களுக்குள் சரிசெய்ய ஒரு நாள் கிடைக்கும். வியன்னா அந்தப் பருவத்தில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. உடம்பு ஒரு நாளில் பழகிவிடும். அந்த ஞாயிறை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். உலகிலேயே அதிக விண்கற்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம் அது. புவியறிவியல் மாணவருக்கு அந்தக் கூடம் ஒன்றே பயணச் செலவுக்கு ஈடு. அதே கட்டடத்தில் வில்லெண்டார்ஃப் பெண்ணுருவம் இருக்கிறது. ஏறக்குறைய 30,000 ஆண்டு பழைய, 11 சென்டிமீட்டர் உயரச் சுண்ணக்கல் சிற்பம், 1908-ல் கண்டெடுத்தது. அந்தக் கல் வட இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

மாநாடு முடிந்த சனிக்கிழமைக்கு என் முதல் பரிந்துரை அந்தச் சிற்பம் கிடைத்த வாகாவ் பள்ளத்தாக்கு. வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் மெல்க். மலைமேல் பெரிய மடாலயம். அங்கிருந்து கிரெம்ஸ் வரை டான்யூப் ஆற்றில் படகு, பருவம் தொடங்கியிருந்தால். இரு கரையிலும் திராட்சைப் படிக்கட்டு வயல்கள். 2000-ல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த நிலப்பரப்பு இது. ஆற்று மட்டத்தையும் அது வெட்டிய பாறையையும் பார்த்துப் பழகிய கண் உள்ளவருக்கு மூன்று மணி நேரம் போவதே தெரியாது. நால்வர் ஐவராகப் போனால் "ஐன்ஃபாக் ராவுஸ்" என்ற குழு டிக்கெட் வாங்குங்கள். இருவர் முதல் ஐவர் வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுவதும் உள்ளூர் ரயில்களில் போகலாம். வேலை நாளில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும். விரைவு ரயிலில் செல்லாது.

மலை பிடிக்குமென்றால் செம்மரிங் ரயில் பாதை. கார்ல் ரிட்டர் ஃபொன் கேகா என்ற பொறியாளர் 1848 முதல் 1854 வரை கட்டிய 41 கிலோமீட்டர். வேலை தொடங்கியபோது அந்தச் சரிவில் ஏறும் வலுவுள்ள எஞ்சினே உலகில் இல்லை. 1851-ல் எஞ்சின்களுக்குப் போட்டி வைத்துத்தான் வழி கண்டார்கள். ஊட்டி மலை ரயிலுக்கு 2005-ல் கிடைத்த உலக மரபுத் தகுதி இதற்கு 1998-லேயே கிடைத்தது. தலைமை நிலையத்திலிருந்து கிராட்ஸ் போகும் ரயில் இதன் வழியே செல்கிறது; தனிச் சுற்றுலா டிக்கெட் எதுவும் தேவையில்லை.

பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், ஒரு பகல் போதும், அங்கும் யூரோதான். புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள், பிராக் நான்கு மணி நேரம். இரண்டு இடத்துக்கும் நாணயம் வேறு, இரண்டுக்கும் குறைந்தது இரண்டு இரவு வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள். எனக்குப் புடாபெஸ்ட் முதலில்: அறை வாடகை குறைவு, வெந்நீர் ஊற்றுக் குளியலகங்கள் புவியியல்காரருக்குப் பாடமும் ஓய்வும், விமான நிலையத்துக்கு நகர மையத்திலிருந்து 100இ பேருந்து நேராகப் போகிறது. ரயில் டிக்கெட்டை ஓ.பி.பி. தளத்தில் "ஷ்பார்ஷீனே" என்ற சலுகை விலையில் முன்கூட்டியே எடுங்கள். அந்த ரயிலுக்கு மட்டும் செல்லும், பணம் திரும்ப வராது. அதனால் விசா கைக்கு வந்த பிறகு.

திரும்பும் வழியில் தாமதம் நேர்ந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் 261/2004 என்ற ஒழுங்குமுறை பொருந்தும். புடாபெஸ்ட்–தோஹா–சென்னை ஒரே டிக்கெட்டில் எடுத்திருந்து, நிறுவனத்தின் தவறால் சென்னைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் என்பதால் 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். புயல் போன்ற காரணங்களுக்குக் கிடையாது. போகும்போது வளைகுடா நிறுவனத்தில் பறந்தால் இந்த விதி பொருந்தாது; ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் அப்போதும் பொருந்தும். கவுன்ட்டரில் தாமதத்துக்கான காரணத்தை எழுதி வாங்கி, வீடு வந்ததும் நிறுவனத்தின் தளத்திலேயே நீங்களே மனுப் போடுங்கள். பங்கு கேட்கும் இடைத்தரகர் வேண்டாம்.

விசாவை விதிப்படி பயன்படுத்தித் திரும்பியதற்கு அடுத்த முறை பலன் உண்டு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று ஏற்ற முறைப்படி, முந்தைய மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர் இரண்டு ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசா பெறலாம். அதன்பின் வழக்கமாக ஐந்தாண்டு விசா. பழைய பாஸ்போர்ட்டையும், உள்ளே வெளியே முத்திரைகள் இருந்தால் அவற்றின் நகலையும், கருத்தரங்கில் கலந்துகொண்ட சான்றிதழையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.